சிறந்த நடிகர், சிறந்த நடிகை: ஒரே வேலைக்கு எதற்கு இரண்டு விருது?

கேள்வி இதுதான்: "ஓட்டப் பந்தயத்தில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியாகப் போட்டி வைப்பது புரிகிறது. நடிப்பிலும் பாட்டிலும் எதற்கு? சிறந்த இயக்குநர் விருதை அப்படிப் பிரிப்பதில்லையே. பேசாமல் எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிட்டால் என்ன?"

ஒன்றாக்கலாம், கோப்பைகளின் எண்ணிக்கையைக் குறைக்காமல். இரண்டு விருது இருந்த இடத்தில் ஒன்றை மட்டும் வைத்துவிட்டு அதற்குச் சமத்துவம் என்று பெயர் சூட்டினால் நான் அதற்கு ஆதரவில்லை. ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஓட்டத்தில் கடிகாரம் இருக்கிறது. உடல்வாகு தருகிற வித்தியாசத்தைக் கடிகாரம் நொடிக் கணக்கில் காட்டிவிடும். நடிப்புக்கு அப்படி ஒரு கடிகாரம் கிடையாது. ஒரு மனிதர் திரையில் உடைந்து அழுவதற்கு எந்தத் தசை வலிமையும் தேவையில்லை. ஆக, திறமையைக் காரணம் காட்டி இந்தப் பிரிவினையை நியாயப்படுத்த முடியாது. இதுவரை கேள்வி கேட்டவர் பக்கம்தான் நான்.

ஆனால் பிரித்ததற்குக் காரணம் திறமை என்று யார் சொன்னது? நடிப்பில் வேலையே பிரிந்துதான் வருகிறது. கதை எழுதும்போதே இது அப்பா, இது மகள் என்று முடிவாகிவிடுகிறது. அப்பா வேடத்துக்கு ஆள் தேடும்போது எந்த நடிகையும் அந்த வரிசையில் நிற்பதில்லை. படத்தொகுப்பு, ஒளிப்பதிவு, இயக்கம் எல்லாம் வேறு மாதிரி. அந்த நாற்காலியில் யாரும் உட்காரலாம், குறைந்தபட்சம் ஏட்டளவில். நடிப்பு விருதுகள் பிரிந்திருப்பதன் வேர் இந்த வேலைப் பங்கீட்டில்தான் இருக்கிறது.

இந்த விதிக்கு ஒரு அழகான விலக்கு உண்டு. 1982இல் வந்த ‘தி இயர் ஆஃப் லிவிங் டேஞ்சரஸ்லி’ படத்தில் பில்லி குவான் என்ற ஆண் பாத்திரத்தில் நடித்தவர் லிண்டா ஹன்ட் என்கிற பெண். ஒரு பெண் ஆணாக மாறுவேடம் போடுவது போன்ற கதையெல்லாம் இல்லை. பாத்திரமே ஆண். 1984 ஆஸ்கர் விழாவில் அவருக்குக் கிடைத்தது சிறந்த துணை நடிகை விருது. அதாவது வேடம் எந்தப் பால் என்பதை விருது பார்க்கவில்லை, வேடம் போட்டவர் யார் என்பதை மட்டும் பார்த்தது. பிரிவினைக்கான நியாயம் "வேடங்கள் வெவ்வேறு" என்பதாக இருந்தால் அந்த விருது வேறு பட்டியலில் போயிருக்க வேண்டும். நாற்பது ஆண்டுகளாக யாரும் இந்த முரண்பாட்டைத் தீர்க்க மெனக்கெடவில்லை.

கொஞ்சம் பழைய கதை. 1929 மே மாதம் நடந்த முதல் ஆஸ்கர் விழாவிலேயே நடிப்புக்கு இரண்டு விருது. எமில் யானிங்ஸ் ஒன்று வாங்கினார், ஜேனட் கேனர் ஒன்று. அதே விழாவில் இயக்கத்துக்கும் இரண்டு விருது இருந்தது என்பது பலருக்குத் தெரியாது. நாடகப் படத்துக்கு ஒன்று, நகைச்சுவைப் படத்துக்கு ஒன்று. அடுத்த முறையே அதை எடுத்துவிட்டார்கள். துணை நடிகர், துணை நடிகை விருதுகள் 1937 விழாவில்தான் வந்தன. முதல் சில ஆண்டுகள் அவர்களுக்குச் சிலை கூடக் கிடையாது, ஒரு கேடயப் பட்டயம்தான். எங்கே கோடு போடுவது என்பதை விழா நடத்துபவர்கள் அவ்வப்போது தங்கள் வசதிப்படி முடிவு செய்திருக்கிறார்கள்.

பிரிக்காமல் விட்ட விருதுகளில் என்ன நடந்தது? இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பேன். ஆஸ்கரில் இயக்கத்துக்கு முதன்முதலாக ஒரு பெண் பரிந்துரைக்கப்பட்டது 1977 விழாவில், இத்தாலியின் லீனா வெர்ட்முல்லர். முதன்முதலாக ஒரு பெண் வென்றது 2010இல், கேத்ரின் பிகலோ. அப்புறம் 2021இல் குளோயி ஜாவ், 2022இல் ஜேன் கேம்பியன். 2025 வரை 97 விழாக்கள் நடந்திருக்கின்றன, வென்ற பெண்கள் மூன்று பேர். ஒளிப்பதிவு இன்னும் மோசம். 2018இல் ரேச்சல் மாரிசன் பெயர் வரும்வரை, முதல் 89 விழாக்களில் பரிந்துரைப் பட்டியலில் கூட ஒரு பெண் இல்லை. இந்த 97 விழாக்களிலும் நடிப்பில் மட்டும் ஒவ்வொரு ஆண்டும் பெண்கள் மேடை ஏறியிருக்கிறார்கள். பிரிவு இருந்ததால்தான் ஏறினார்கள்.

இதைப் பார்த்துவிட்டு "சரி, அப்படியானால் பிரிவை எடுத்தால் பெண்கள் காணாமல் போய்விடுவார்கள்" என்று முடிவு கட்டிவிடலாம். நானும் பல காலம் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். பிறகு வந்த சோதனைகள் என்னைக் கொஞ்சம் அசைத்துப் பார்த்தன.

பெர்லின் திரைப்பட விழாவில் 2021 முதல் நடிகர், நடிகை என்ற பிரிவு கிடையாது. முதன்மை நடிப்புக்கு ஒரு வெள்ளிக் கரடி விருது, துணை நடிப்புக்கு ஒன்று. அறிவிப்பு வந்தபோது இனி ஆண்களே அள்ளிக்கொண்டு போவார்கள் என்று பலர் பயந்தார்கள். நடந்தது நேர்மாறு. 2021 முதல் 2025 வரை ஐந்து ஆண்டுகளில் கொடுத்த பத்து விருதுகளில் எட்டு பெண்களுக்குப் போயின. 2023இல் முதன்மை விருது வாங்கிய சோஃபியா ஓட்டேரோ பத்து வயது கூட நிரம்பாத குழந்தை. முதல் ஆண் பெயர் வருவதற்கு 2024 வரை காத்திருக்க வேண்டியிருந்தது, செபாஸ்டியன் ஸ்டான். அடுத்த ஆண்டு துணை நடிப்புக்கு ஆண்ட்ரூ ஸ்காட்.

இசையில் கிராமி இன்னும் முன்னதாகவே இதைச் செய்தது. 2011இல் மொத்த விருதுப் பிரிவுகளை 109இலிருந்து 78ஆகக் குறைத்தபோது, பாப் பாடலில் ஆண் குரல், பெண் குரல் என்று இருந்ததைச் சேர்த்து ஒரே தனிக்குரல் விருதாக்கினார்கள். 2012 முதல் 2025 வரை பதினான்கு முறை அது வழங்கப்பட்டது. பத்து முறை பெண்களுக்கு. அடேல் ஒருவரே நான்கு முறை வாங்கினார். ஆண்களில் ஃபாரெல் வில்லியம்ஸ், இரண்டு முறை எட் ஷீரன், ஒரு முறை ஹாரி ஸ்டைல்ஸ், அவ்வளவுதான். ஆனால் அதே கிராமியில், அதே ஓட்டுப்போடும் ஆட்கள் ஒலிப்பதிவை வழிநடத்துபவருக்குத் தரும் ஆண்டின் சிறந்த தயாரிப்பாளர் விருதை (செவ்வியல் அல்லாத இசைக்கானது) 2025 வரை எந்தப் பெண்ணும் தனியாக வென்றதில்லை.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் விஷயம் பிடிபடும். விருது மேடையில் என்ன நடக்கும் என்பதைப் பிரிவின் பெயர் மட்டும் தீர்மானிப்பதில்லை. அந்தத் தொழிலுக்குள் எத்தனை பெண்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு எவ்வளவு பெரிய வேலை கிடைக்கிறது என்பது பெருமளவு தீர்மானிக்கிறது. பாப் பாடலில் உச்சத்தில் இருப்பவர்களில் பெண்கள் ஏராளம். ஒலிப்பதிவுக் கூடத்தில் தயாரிப்பாளர் நாற்காலியில் அப்படியில்லை. பெர்லினில் ஆறேழு பேர் கொண்ட நடுவர் குழு, எல்லாப் படங்களையும் ஒன்றாகப் பார்த்து, உட்கார்ந்து பேசி முடிவெடுக்கிறது. பெண்களை மையமாக வைத்த சின்னப் படங்கள் அந்தத் தேர்வில் நிறைய வரும். ஆயிரக்கணக்கான பேர் வீட்டிலிருந்து ஓட்டுப் போடும் விருதுக்கு இந்த முடிவை அப்படியே பொருத்த முடியாது.

அப்படிப் பொருத்திப் பார்த்து சூடுபட்டவர்கள் பிரிட்டனின் பிரிட் விருதுக்காரர்கள். 2022இல் ஆண் பாடகர், பெண் பாடகர் விருதுகளை எடுத்துவிட்டு ‘ஆண்டின் சிறந்த கலைஞர்’ என்று ஒன்று வைத்தார்கள். முதல் ஆண்டு அடேல் வென்றார். வாங்கும்போதே, பெயரை ஏன் மாற்றினார்கள் என்று புரிகிறது, ஆனால் பெண் கலைஞராக இருப்பது தனக்குப் பிடித்திருக்கிறது என்கிற பொருளில் பேசினார். 2023இல் பட்டியல் வந்தது. ஐந்து பெயர், ஐந்தும் ஆண்கள். வென்ற ஹாரி ஸ்டைல்ஸே மேடையில் நின்று, பட்டியலில் இடம்பெறாத பெண் பாடகிகள் ஐந்து பேரின் பெயரைச் சொல்லி இது அவர்களுக்கு என்றார். பார்க்க நல்ல காட்சிதான், ஆனால் கோப்பை அவர் கையில்தானே இருந்தது. 2024இல் பட்டியலைப் பத்து பேராக விரித்தார்கள். அந்த ஆண்டு ரே என்ற பாடகி அதையும் சேர்த்து ஒரே இரவில் ஆறு விருது வாங்கிச் சாதனை படைத்தார். 2025இல் சார்லி எக்ஸ்சிஎக்ஸ். நாற்காலியைக் கூட்டியதுதான் காரணமா, அந்தந்த ஆண்டு வந்த பாட்டுகள் காரணமா என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஐந்து பேர் பட்டியலில் ஒரு பக்கம் மொத்தமாக விடுபட்டுப் போவது சுலபம், பத்தில் அவ்வளவு சுலபமில்லை. இதற்குப் பெரிய கணக்கறிவு தேவையில்லை.

நாற்காலி என்று ஏன் திரும்பத் திரும்பச் சொல்கிறேன் என்றால், ஒன்றாக்கும் பேச்சில் எல்லோரும் பெயரைப் பற்றியே பேசுகிறார்கள், எண்ணைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ‘தி சைலன்ஸ் ஆஃப் தி லேம்ப்ஸ்’ படத்துக்கு 1992 விழாவில் ஜோடி ஃபாஸ்டர், அந்தனி ஹாப்கின்ஸ் இருவருக்கும் முதன்மை நடிப்பு விருது கிடைத்தது. ஹாப்கின்ஸ் படத்தில் வருவது கொஞ்ச நேரம்தான். படம் முழுக்க நடந்து, பயந்து, விசாரித்து, கதையை இழுத்துக்கொண்டு போவது ஃபாஸ்டர். ஒரே கோப்பை இருந்திருந்தால் யாருக்குக் கொடுத்திருப்பார்கள்? மக்கள் இன்றுவரை மிமிக்ரி செய்வது ஹாப்கின்ஸைத்தான். எனக்கு அந்தப் பந்தயத்தில் ஃபாஸ்டர் மேல் பணம் கட்டத் தைரியம் வராது. அவர்கள் இருவரும் கண்ணாடித் தடுப்புக்கு இரு பக்கமும் உட்கார்ந்து பேசும் காட்சியில் ஒருவர் நடிப்பை இன்னொருவர்தான் தாங்கிக்கொண்டிருக்கிறார். அதை மோதவிட்டு ஒருவரை வெறுங்கையோடு அனுப்புவதில் யாருக்கு லாபம்?

ஓட்டு எண்ணும் முறையும் இருக்கிறது. ஆஸ்கரில் நடிப்பு விருதின் இறுதிச் சுற்றில் அதிக ஓட்டு வாங்கியவர் ஜெயித்தவர், பாதிக்கு மேல் வாங்க வேண்டும் என்றில்லை. ஐந்து பேர் இருக்கும்போது இதைச் சகித்துக்கொள்ளலாம். பத்து பேரை நிறுத்திவிட்டு இதே முறையில் எண்ணினால், பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் வாங்கியவர் கூட ஜெயிக்க வாய்ப்புண்டு. சிறந்த படத்துக்கு மட்டும் அங்கே முன்னுரிமை வரிசைப்படி ஓட்டுப் போடுகிறார்கள். நடிப்பை ஒன்றாக்குவதானால் அந்த முறையையும் கூடவே கொண்டு வர வேண்டியிருக்கும். அமெரிக்காவில் சிறு செலவுப் படங்களுக்குத் தரும் இண்டிபெண்டண்ட் ஸ்பிரிட் விருதில் 2023 முதல் ஒன்றாக்கிவிட்டார்கள், பத்துப் பேர் பட்டியலோடு. மிஷல் யோ, அடுத்து ஜெஃப்ரி ரைட், அடுத்து மைக்கி மேடிசன் என்று முதன்மை விருது கைமாறியது. உலகம் இடிந்துவிடவில்லை. ஆனால் முன்பு ஆண்டுக்கு இரண்டு பேர் வாங்கியதை இப்போது ஒருவர் வாங்குகிறார்.

எனக்குப் பிடித்த ஏற்பாடு நாடகத்துறையில் இருக்கிறது. நியூயார்க்கின் டிராமா டெஸ்க் விருதில் 2023இல் பிரிவுகளைச் சேர்த்தார்கள், கூடவே பட்டியலை நீட்டினார்கள், ஒவ்வொரு பிரிவிலும் இரண்டு பேருக்கு விருது என்றும் வைத்தார்கள். அந்த ஆண்டு நாடகத்தில் முதன்மை நடிப்புக்கு ஜெசிகா சாஸ்டெய்ன், ஷான் ஹேய்ஸ் இருவரும் வாங்கினார்கள். இரண்டு பெண்கள் வாங்கலாம், இரண்டு ஆண்கள் வாங்கலாம், இரண்டிலும் சேராதவர் வாங்கலாம். கோப்பைகளின் எண்ணிக்கை மட்டும் அப்படியே இருக்கிறது.

இந்தக் கடைசியாகச் சொன்னவர்களைப் பற்றித்தான் இந்த விவாதமே சூடு பிடித்தது. ஆண், பெண் என்ற இரண்டு பெட்டியிலும் தன்னை வைத்துக்கொள்ளாத ஏஷியா கேட் டில்லன் என்ற நடிப்புக் கலைஞர், 2017இல் அமெரிக்கத் தொலைக்காட்சிக்கான எம்மி விருதுக்குப் பெயர் கொடுக்கும் நேரத்தில் அமைப்புக்கே எழுதிக் கேட்டார்: உங்கள் ‘ஆக்டர்’, ‘ஆக்ட்ரஸ்’ என்ற சொற்கள் உடலைக் குறிக்கின்றனவா, அடையாளத்தைக் குறிக்கின்றனவா? யார் எதில் வேண்டுமானாலும் பெயர் கொடுக்கலாம் என்று பதில் வந்தது. ‘ஆக்டர்’ என்பது ஆதியில் இருபாலுக்கும் பொதுவான சொல் என்பதால் டில்லன் அதில் கொடுத்தார். 2023இல் ஜஸ்டின் டேவிட் சல்லிவன் வேறு வழியில் போனார். எந்தப் பக்கமும் பொருந்தவில்லை என்று நியூயார்க் நாடகங்களுக்கான டோனி விருதுப் போட்டியிலிருந்தே விலகிக்கொண்டார். அதே ஆண்டு, இரண்டு பெட்டியிலும் சேராத ஜே. ஹாரிசன் கீ, அலெக்ஸ் நூவல் இருவரும் அங்கேயே நடிகர் பிரிவில் நின்று வென்றார்கள். ஒரே சிக்கலுக்கு மூன்று விதமான முடிவு. கலைஞர்கள்தான் ஒவ்வொரு முறையும் வளைந்துகொடுக்க வேண்டியிருக்கிறது, விருதுப் படிவம் நேராகவே நிற்கிறது. எம்மிக்காரர்கள் 2021இல், வேண்டுமென்று கேட்டால் சிலையில் நடிகர், நடிகை என்பதற்குப் பதில் பொதுவான ஒரு சொல்லைப் பொறித்துத் தருகிறோம் என்றார்கள். நல்லதுதான். ஆனால் போட்டியிடுவது பழைய இரண்டு பெட்டியில் ஒன்றுக்குள்தான்.

இந்த இடத்தில் தமிழுக்கு ஒரு வசதி உண்டு என்று சொல்லத் தோன்றுகிறது. மருத்துவர், எழுத்தாளர், இயக்குநர், ஓட்டுநர் என்று ‘ர்’ போட்டு முடித்தால் அது எல்லோருக்கும் பொது. யாரும் ‘இயக்குநி’ என்று எழுதுவதில்லை. ஆனால் நடிகை, பாடகி, ஆசிரியை மட்டும் விடாமல் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. நடிகர் சங்கம் என்று சொல்லும்போது மட்டும் நடிகைகளும் அதற்குள் வந்துவிடுகிறார்கள்! ‘சிறந்த நடிப்பு’ என்று எழுதிவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

பாட்டு விஷயத்தில் ஒரு வார்த்தை. திரைப்படப் பின்னணிப் பாடலில் ஆண் குரல், பெண் குரல் என்று பிரிப்பதற்கு நடிப்பைவிட வலுவான காரணம் இருக்கிறது. மெட்டுப் போடும்போதே சுருதி அந்தக் குரலுக்காகத்தான் வைக்கப்படுகிறது, பாத்திரமும் முன்பே முடிவாகியிருக்கும். இந்திய தேசிய விருதில் 1968ஆம் ஆண்டுக்கான விருது பி. சுசீலாவுக்குக் கிடைத்தது முதல் இன்றுவரை பெண் குரலுக்கென்று ஓர் இடம் உறுதியாக இருக்கிறது. கே.எஸ். சித்ரா ஆறு முறை, எஸ்.பி. பாலசுப்ரமணியம் ஆறு முறை என்று இரண்டு பக்கமும் ஈடாக வாங்கிக் குவித்தார்கள். பாட்டை எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் அந்த மாதிரி இரண்டு இடம் கிடையாது. அந்தப் பட்டியல்களில் பெண்களைத் தேடிப் பாருங்கள், நான் சொல்ல வருவது புரியும்.

அப்படியானால் இயக்கத்துக்கும் இசைக்கும் பெண்களுக்கென்று தனி விருது வைக்கலாமா? கேட்பவர்கள் உண்டு. நான் வேண்டாம் என்பேன், தயக்கத்தோடு. இலக்கியத்தில் இது ஓரளவு நன்றாகவே வேலை செய்திருக்கிறது. 1991 புக்கர் இறுதிப் பட்டியலில் ஆறு பேரும் ஆண்கள் என்ற கோபத்தில் தொடங்கிய முயற்சிதான் 1996 முதல் வழங்கப்படும் பெண்களுக்கான புனைகதைப் பரிசு. ஆனால் அது வெளியே நின்று தனியாக நடத்தப்படும் பரிசு. ஒரே விழாவுக்குள் சிறந்த இயக்குநர், சிறந்த பெண் இயக்குநர் என்று வைத்தால் முதலாவது பெரியது, இரண்டாவது ஆறுதல் பரிசு என்றாகிவிடும். ஆள் குறைவான இடத்தில் தனிப் பிரிவு நிற்கவும் செய்யாது. கிராமியில் பெண்களுக்கென்று தனி ராப் விருது ஒன்று இருந்தது. 2003, 2004 என இரண்டே முறை கொடுத்தார்கள். இரண்டு முறையும் மிஸ்ஸி எலியட். அத்தோடு மூடிவிட்டார்கள்.

என் சொந்த அனுபவம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சின்னக் குறும்பட விழாவில் மூன்று நடுவர்களில் ஒருவனாக இருந்தேன். நடிப்புக்கு ஒரே விருது. முற்போக்கான விழா என்பதில் அவர்களுக்குப் பெருமை. கடைசியில் ஒரே படத்திலிருந்து இரண்டு பேர் மிஞ்சினார்கள். குடிநோயாளி அப்பாவாக நடித்தவர், மகளாக நடித்தவர். அப்பா சுவரில் தலையை மோதிக்கொண்டு கத்துகிற நீண்ட காட்சி ஒன்று உண்டு. அந்தக் காட்சி முழுக்க மகள் நமக்கு முதுகைக் காட்டியபடி பாத்திரம் கழுவுகிறாள். அவர் குரல் உயரும்போது அவள் குழாயை இன்னும் கொஞ்சம் திறந்து விடுகிறாள், தண்ணீர்ச் சத்தத்தில் அது கேட்காமல் போகட்டும் என்று. அவ்வளவுதான் அவள் செய்வது. "படத்தையே தாங்கினது அப்பாதானே" என்றார் பக்கத்து நடுவர். நானும் அவருக்குத்தான் கை தூக்கினேன். வீட்டுக்கு வந்தபிறகு அந்தக் காட்சியில் கேமரா யார் முகத்தை எத்தனை முறை நெருங்கிப் பார்க்கிறது என்று யோசித்துப் பார்த்தேன். மகள் முகம் ஒரு முறை கூட இல்லை. ‘கனமான வேடம்’ என்று நாம் சொல்வதில் பாதி கனம், கதை எழுதியவரும் கேமரா வைத்தவரும் ஏற்றி வைத்தது.

அடுத்த ஆண்டு அந்த விழாவில் நடிப்புக்கான கோப்பையை இரண்டாக்கியிருந்தார்கள், யார் வேண்டுமானாலும் வாங்கலாம் என்று. இரண்டும் பெண்களுக்குப் போயின என்று கேள்விப்பட்டேன். என்னை நடுவராகக் கூப்பிடவில்லை.